‘படங்காட்டு’ கடை மூடிய வாரம்

முதல் ஆளாக வந்தவள் ஒரு இறால் கூடையோடு வந்தாள்.

ராயபுரத்தில் எங்கள் முதலாளி அண்ணாச்சியின் தார்ப்பாய் குடோன் வாசல். வெயில் இன்னும் சூடேறவில்லை. நான் ஒரு மடக்கு மேஜையை விரித்து, லேப்டாப்பை வைத்துவிட்டு, ஒயரை எங்கே சொருகலாம் என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் லில்லி. காத்திவாக்கம் லில்லி. இடுப்பில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை. நன்றாகக் கழுவித்தான் எடுத்து வந்திருந்தாள். ஆனாலும் எறா வாசனை கழுவினால் போகிற ஜாதியில்லை.

“இங்கதான் வீடியோவ திருப்பித் தர்றாங்களாமே? எனுக்கு நெறைய கீதுக்கா. அதான் கூடை எத்துகினு வந்தேன்.”

நான் பென் டிரைவை எடுத்துக் காட்டினேன். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்.

“கூடை வேணாம் லில்லி. எல்லாம் இதுல அடங்கிடும்.”

அவள் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். “இத்தனூண்டுலயா? நான் மழையில நனைஞ்சிகினு பாடுனது, சேத்துல வழுக்கி வுழுந்தது, எல்லாம் இதுக்குள்ளயா? நசுங்கிடாது?”

“நசுங்காது.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமா, எம்பேரு உனுக்கு எப்டித் தெரியும்?”

எப்படிச் சொல்வது? அவள் வீட்டுச் சுவரில் எந்த இடத்தில் பச்சை பெயின்ட் உதிர்ந்திருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். மூத்த பெண்ணுக்கு எப்போது காது குத்தினார்கள் என்று தெரியும். அவளுக்குத்தான் என்னைத் தெரியாது.

வீடியோ பார்க்கிற உத்தியோகம்

எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கதையை முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். அந்தக் கம்பெனி இடம் மாறிப் போன பிறகு கொருக்குப்பேட்டை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தெரிந்த ஒருவர் மூலம் இந்த வேலை வந்தது.

எல்லாரும் கையில் வைத்து ஆடிப் பாடிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு வீடியோ ஆப்பை ஒருநாள் அரசாங்கம் தடை செய்தது ஞாபகம் இருக்கும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தூக்கிய காலைக் கீழே வைக்க இடமில்லாமல் நின்றார்கள். அந்த இடத்தைப் பிடிக்க ஊருக்கு ஊர் ஆள் கிளம்பினான். மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்புமே, அப்படி. அந்த ஈசல்களில் ஒன்றுதான் எங்கள் ‘படங்காட்டு’.

முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். இளம் வயதிலேயே ராயபுரம் வந்து தார்ப்பாய் மொத்த வியாபாரம். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளில் பாதி அவர் கடைத் தார்ப்பாயைத்தான் போர்த்திக்கொண்டு போகும். அவர் கடைக்குக் கணக்கு சாஃப்ட்வேர் போட வந்த வியாசர்பாடிப் பையன் தினேஷ், “அண்ணாச்சி, நாமளே ஒரு வீடியோ ஆப் வுடலாம்” என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி விளையாட்டாக எதையும் கேட்கிறவரில்லை.

“சரக்கு யாரு கொடுப்பா?” என்று கேட்டாராம்.

“ஜனங்களே கொடுப்பாங்க.”

“வாங்குறது யாரு?”

“அதே ஜனங்கதான்.”

“அப்போ நமக்கு இடம் மட்டும் இருந்தாப் போதும்னு சொல்லு.” மாடி காலியாக இருந்தது. ஆரம்பித்துவிட்டார்.

என் வேலை, வருகிற வீடியோவையெல்லாம் பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ போடுவது. சண்டை, ஆபாசம், கெட்ட வார்த்தை இருந்தால் ஃபெயில். இதோடு அண்ணாச்சி தன் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தார். பின்னணியில் வேறு தார்ப்பாய்க் கடை போர்டு தெரிந்தாலும் ஃபெயில்.

என் வீட்டுக்காரருக்கு கூட்ஸ் யார்டில் மூட்டை வேலை. முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “வீடியோ பாக்குறதுக்கு சம்பளமா? நானெல்லாம் சும்மாவே பாக்கிறேனே. எனுக்கு இன்னா பாக்கி தரணும் அவங்க?” என்றார். நியாயமான கேள்விதான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் என் முன்னால் ஆடினார்கள். பாடினார்கள். மீன் குழம்பு வைத்தார்கள். பூனைக்கு மூக்குக் கண்ணாடி மாட்டினார்கள். புளியந்தோப்பில் ஒருவர் தினமும் தன் வாஷிங் மெஷினுக்குக் குட்மார்னிங் சொல்லி வீடியோ போடுவார். அது ரிப்பேரான அன்று நான் மதியச் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. அவர் யார், பெயர் என்ன என்று எதுவும் தெரியாது. ஆனால் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது தினேஷைக் கூப்பிட்டு, “டேய், மெஷின் ஓடுதுடா!” என்று கத்தினேன். அவன் சர்வரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

ஆளை விக்கிறதுக்கு நான் யாரு?

அண்ணாச்சி மாடிக்கு வந்தால் முதல் கேள்வி, “சரக்கு எவ்வளவு வந்திருக்கு?” என்பதுதான். வீடியோவை அவர் வீடியோ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மழைக்காலத்தில், “சரக்கு நனையாம இருக்கா?” என்று கேட்பார். சர்வர் இங்கே இல்லை, எங்கேயோ வேறு ஊரில் இருக்கிறது என்று தினேஷ் விளக்குவான். “அங்ஙன மழை இல்லையா?” என்பார்.

கடை நன்றாக ஓடிய காலத்தில் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் ஒரு பெரிய வீடியோ சைட் வைத்திருந்தார்கள். எங்களை விலைக்கு வாங்க வந்திருந்தார்கள். அண்ணாச்சி அவர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

“என்ன வாங்கலாம்னு வந்திருக்கிய? மாடியவா? கம்ப்யூட்டரவா?”

“இல்ல சார். உங்க யூசர்ஸை.”

“அப்படின்னா?”

“உங்க ஆப்பைப் பார்க்கிற ஆளுங்களை, சார்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “கஸ்தூரி, ஆளக் கேக்காவம்மா” என்றார். பிறகு அவர்களிடம் கைகூப்பினார். “அவுக அவுக வீட்டுல இருக்காவ. எங்கடையில வந்து நிக்கதுனால அவுக எனக்குச் சொந்தமா? ஆளை விக்கிறதுக்கு நான் யாரு தம்பி?”

அந்தப் பையன்கள் இளநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். சிரித்துக்கொண்டேதான் போனார்கள். ஆனால் எங்களுக்கு முன்னால் அவர்கள் சைட்தான் மூடியது.

பாதி இறங்கிய ஷட்டர்

மூடுவது ஒரு தொற்று வியாதி மாதிரி பரவியது. பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் ஆப்பிலேயே குட்டி வீடியோவுக்கு ஒரு பொத்தானை வைத்துவிட்டார்கள். ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எங்களைப் போன்ற சில்லறைக் கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன.

ராயபுரம் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. கூட வியாபாரம் செய்தவர் இறந்து, ஊர்வலம் அந்த வழியாகப் போனால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி மரியாதை செய்வார்கள். கோயம்புத்தூரில் ‘குலுக்கல்’ என்ற சைட் மூடியதாக தினேஷ் செய்தி கொண்டுவந்த அன்று, அண்ணாச்சி எழுந்துபோய்த் தார்ப்பாய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

பக்கத்துக் கயிற்றுக் கடைக்காரர் பதறி ஓடி வந்தார். “யாரு அண்ணாச்சி?”

“குலுக்கல்.”

“ஐயோ. என்ன வயசு?”

“ரெண்டு வயசுகூட ஆகல” என்றார் அண்ணாச்சி. கயிற்றுக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தினேஷ் உண்மையைச் சொல்லப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அந்த வருஷம் அந்த ஷட்டர் பல தடவை பாதி இறங்கியது. கயிற்றுக் கடைக்காரர், அண்ணாச்சி வீட்டுச் சொந்தத்தில் ஏதோ சாபம் இருக்கிறது என்றே முடிவு செய்துவிட்டார். எண்ணூர்ப் பக்கம் ஒரு கோயிலில் பரிகாரம் செய்யச் சொல்லி விலாசம்கூடக் கொடுத்தார்.

எங்கள் முறையும் வந்தது. விளம்பரம் கிடையாது. போட்ட ஒரே விளம்பரம் அண்ணாச்சியின் தார்ப்பாய்தான். வாடகை சர்வருக்குக் கொடுப்பது தார்ப்பாயில் வருவதைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் மதியம் அண்ணாச்சி மாடிக்கு வந்து, எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டே சொன்னார். “எடுத்து வச்சிருவோம்.”

நான் அழவில்லை. ஜன்னல் வழியாக ஒரு மீன் லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

மூடுவது என்றால் தினேஷைப் பொறுத்தவரை சுலபம். ஒரு அறிவிப்பு. ஒரு டவுன்லோட் பொத்தான். வேண்டியவர்கள் அவரவர் வீடியோவை எடுத்துக்கொள்ளலாம். கெடு முடிந்ததும் அணைத்துவிடலாம்.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “அடுத்தவன் சரக்கு நம்ம குடோன்ல கிடக்கு. அவனே வந்து பூட்ட ஒடச்சு எடுத்துக்கிடணுமா? அதுக்குப் பேரு திருப்பிக் கொடுக்கதா? கையில கொடுக்கணும்ல.”

“அண்ணாச்சி, பாதி பேர் துபாய்ல கீறாங்க.”

“தூரத்துல உள்ளவுகளுக்குப் பொத்தான வையி. பக்கத்துல உள்ளவுக வரட்டும். ஒரு டீ குடிச்சிட்டு வாங்கிட்டுப் போகட்டும்.”

‘வட சென்னை வாடிக்கையாளர்கள் தங்கள் பொருட்களை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று ஆப்பில் அறிவிப்பு போட்டோம். அதில் ‘பொருட்கள்’ என்ற வார்த்தைதான் வினையாகிவிட்டது. லில்லி கூடையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் மீன்பாடி வண்டியோடு வந்தார். திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா, “ஃப்ரிட்ஜுல வெக்கணுமா, வெளியவே வெக்கலாமா?” என்று கேட்டார். அவர் போட்டதெல்லாம் சமையல் வீடியோ.

ஒவ்வொரு பென் டிரைவையும் அண்ணாச்சி நீலத் தார்ப்பாய்த் துண்டில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். நனையாதாம்.

அந்த வாரம் எனக்கு மட்டும் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வரிசையில் வந்த ஒவ்வொருவரும் எனக்குத் தெரிந்தவர். “கால் கட்டு பிரிச்சாச்சா?” என்று வாய் தவறிக் கேட்டுவிடுவேன். அவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். புளியந்தோப்பு வாஷிங் மெஷின்காரர் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர்.

“மெஷின் எப்படி கீது?” என்று கேட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. “நல்லாக்கீதும்மா. நான் வீடியோ போட்டா ஒரே ஒரு ஆளுதான் பாத்ததா காட்டும். யாரா இருக்கும்னு நென்ச்சிகினே இருப்பேன்” என்றார்.

நான்தான் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் இருந்தவர்கள் வரிசை நகரவில்லை என்று சத்தம் போட்டார்கள்.

இடது பாதி, வலது பாதி

பெரிய தகராறு அதற்கு அடுத்த நாள் வந்தது.

எங்கள் ஆப்பில் ‘ஜோடி’ என்று ஒன்று உண்டு. ஒருவர் போட்ட வீடியோவுக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் தன் வீடியோவை ஒட்டலாம். திரையில் இடது பாதி இவர், வலது பாதி அவர். இதில் எங்கள் நட்சத்திர ஜோடி தேவராஜும் லில்லியும்.

தேவராஜ் கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர். திருவொற்றியூர்க்காரர். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற நேரம்தான் அவருடைய கலை நேரம். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, சொந்தமாகக் கட்டிய பாட்டில் ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரை இடம் விட்டுக் காத்திருப்பார்.

“எண்ணூரு ரோட்டுல வண்டி நிக்குது, எப்ப நகருமோ?”

அந்தக் கேள்வி யாருமே பதில் சொல்லாமல் கிடந்தது. ஒருநாள் முகத்துவாரத்தில் முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு லில்லி பதில் பாடி ஒட்டினாள்.

“கூடையில இருந்த எறாகூட நகந்து போச்சு, நீ இன்னும் அங்கியா?”

பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கேட்பதும் இவள் பதில் சொல்வதும் வாரா வாரம் நடந்தது. ஜனங்கள் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்து, ‘அண்ணனும் அண்ணியும் சூப்பர்’ என்று எழுதுவார்கள். இருவரும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் அந்தக் கமென்ட்டை யாரோ தேவராஜின் மனைவி ராணிக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள்.

ஜோடி வீடியோவைப் பற்றி அண்ணாச்சி ஒரு முடிவு எடுத்திருந்தார். அது கூட்டுச் சரக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துதான் வாங்க வேண்டும். அதனால் அன்று காலை லில்லி மறுபடி வந்தாள். அவள் புருஷன் கடலுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தேவராஜ் பைக்கில் வந்தார். பின்னால் ராணி. இறங்கும்போதே முகம் சரியில்லை.

தேவராஜ் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நேராக லில்லியிடமே போய், “ஏம்மா, இங்க லில்லின்னு ஒர்த்தங்க வந்துகிறாங்களா?” என்று கேட்டார்.

லில்லி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். “நீயா தேவராஜு? இம்மாங் குள்ளமா கீற!”

அவரை எப்போதும் டிரெய்லரின் உயரமான சீட்டில்தானே பார்த்திருக்கிறாள்.

“நீ லில்லி இல்ல. லில்லி இந்தப் பக்கம்தான் இருப்பா” என்று தேவராஜ் தன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். லில்லி சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்றாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். “ஆ! லில்லியேதான்!”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ராணி சிரிக்கவில்லை. இவர்கள் இதற்கு முன் சந்தித்ததில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவளுடைய வருத்தம் அதுவாக இல்லை.

“பாக்கலன்னா போவட்டும். அந்தப் பக்கம் திரும்பித் திரும்பி சிரிக்கிறியே, அது இன்னா? வூட்டுல எங்கிட்ட சிரிச்சி எம்மா நாளாச்சி? வந்தா துண்ற, தூங்குற. போன்ல மட்டும் கேள்வியா கேக்குற!” என்றாள். குரல் கடைசியில் உடைந்துவிட்டது. கூட்டம் சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

தேவராஜ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

ராணி என் மேஜைக்கு வந்தாள். “அத்த ரெண்டா அறுத்துக் குட்ரும்மா. எம் புருஷன் பாதி எனுக்கு. அவங்க பாதி அவங்களுக்கு.”

அண்ணாச்சியைப் பார்த்தேன். பாகப்பிரிவினை அவருக்குப் புதிதில்லை. “பாதியாக் கேட்டா பாதியாக் கொடு” என்றார். தினேஷ் உட்கார்ந்து வீடியோவை நடுவில் வெட்டினான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தேவராஜின் பாதியை மட்டும் ஓட விட்டான்.

அதை மறக்க முடியாது. தேவராஜ் ஒரு வரி பாடினார். பிறகு நிறுத்தி, யாருமில்லாத பக்கம் திரும்பி, தலையை ஆட்டி, வெட்கப்பட்டுச் சிரித்தார். மறுபடி ஒரு வரி. மறுபடி யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் தலையாட்டல். அந்தப் பக்கம் லாரியின் கதவு மட்டும்தான் இருந்தது.

“இன்னாய்யா இது, பைத்தியம் மாரி கீற” என்றாள் ராணி.

“நான் பாடும்போது அங்க யாரும் இல்ல ராணி. மெய்யாலுமே. வரிசையில நிக்கச் சொல்லோ பேச்சுத்தொணைக்கு ஆள் இல்ல. யாரோ பதில் சொல்றதா நென்ச்சிகினு சிரிப்பேன். அப்பால யாரோ வந்து பக்கத்துல ஒட்றாங்க.”

ராணி மறுபடி ஓட விடச் சொன்னாள். திரையில் தேவராஜ், “வண்டி நிக்குது, எப்ப நகருமோ?” என்று பாடி நிறுத்தினார். அந்த இடைவெளியில் ராணி, ராகம் எதுவும் இல்லாமல், குழாயடியில் பேசுகிற குரலில் சொன்னாள்.

“கேஸ் தீந்து எம்மா நாளாச்சு, அது எப்ப வருமோ?”

திரையில் இருந்த தேவராஜ் மிகச் சரியாகத் தலையாட்டி, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

வரிசை வெடித்துச் சிரித்தது. மீன்பாடி வண்டிக்காரர் விசிலடித்தார். அடுத்த கேள்வி வந்தது. ராணி அதற்கும் பதில் வைத்திருந்தாள். கூரை ஒழுகுவது, அவள் அம்மா வீட்டுக்கு அவர் வராமல் தட்டிக்கழிப்பது என்று எல்லாம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் புருஷன் திரையில் பணிவாகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நிஜத் தேவராஜும் கடைசியில் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். முடியும்போது ராணியே சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததால் வந்த கண்ணீரா என்று எனக்குத் தெரியாது.

“இந்தப் பாதியே போதும்மா. கட்டிக் குடு” என்றாள்.

லில்லி மட்டும், “எனுக்கு முழுசா வோணும். நான் யாருக்குப் பதில் சொன்னேன்னு நாளைக்கு எம் பொண்ணு கேட்டா?” என்றாள். ராணி அவளைப் பார்த்துவிட்டு, “குடும்மா” என்று என்னிடம் சொன்னாள். போகும்போது லில்லியிடம் எறா என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போனாள்.

உள்ளே ஒருவர்

அந்த மாடி இப்போது மறுபடி தார்ப்பாய் குடோன். தினேஷ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். நான் ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கடைசி நாள் சாயங்காலத்தைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது.

கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டோம். அண்ணாச்சி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். தினேஷ் அணைக்கிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டிருந்தான்.

“உள்ள யாரும் இருக்காவளா பாரு” என்றார்.

“இருந்தா இன்னா அண்ணாச்சி? ஆஃப் பண்ணா தானா வெளிய பூடுவாங்க.”

“வந்த ஆளு சரக்கு பாத்துக்கிட்டு நிக்கையில லைட்ட அணைக்கதா? பாருல.”

பார்த்தோம். ஒரே ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மீஞ்சூர்ப் பக்கம் யாரோ ஒருவர். சரி, போய்விடுவார் என்று காத்திருந்தோம். டீ வந்தது. குடித்தோம். புள்ளி அணையவில்லை.

“இப்போ எதப் பாக்காரு?” என்று அண்ணாச்சி அடிக்கடி கேட்டார். ஆட்டோ மேல் ஆடு ஏறுகிற வீடியோ என்றேன். பிறகு கொடுக்காப்புளி ஊறுகாய். பிறகு லில்லி வழுக்கி விழுந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கடைசியில் அண்ணாச்சி பொறுக்க முடியாமல் தினேஷிடம் அவர் நம்பரைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

“அலோ, யாரு?”

“நான் ‘படங்காட்டு’ அண்ணாச்சி பேசுதேன்.”

“எந்தக் கடைண்ணே?”

“நீங்க இப்போ வீடியோ பாத்துக்கிட்டு இருக்கியள்லா, அந்தக் கடைதான்.”

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “அண்ணே, நான் தப்பா ஒண்ணியும் பாக்கலண்ணே. ஆடுதாண்ணே பாத்தேன்.”

“ஐயோ, அதுக்கில்ல. இன்னைக்குக் கடைய மூடுதோம். அறிவிப்பு போட்டிருந்தோமே, நீங்க பாக்கலையா?”

“ஏதோ வந்துச்சி. படிக்காம சரின்னு அமுக்கிட்டேன். நான் இன்னிக்கி மத்தியானம்தாண்ணே இதுல சேந்தேன். ஒரு தோஸ்து சொன்னான். இங்க ஸ்டேஷன் பக்கத்துல குடோன் வாட்ச்மேனு நானு. ஒண்டியா கீறேன். சோக்காகீதுண்ணே உங்க கடை! இது ரொம்ப நாளா கீதா?”

அண்ணாச்சி தினேஷைப் பார்த்துக் கையமர்த்தினார். 

“கொஞ்ச நாளா இருக்கு” என்றார். “பாருங்க தம்பி. மெதுவாப் பாருங்க. அவசரமில்ல.” போனை வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி!” என்றான் தினேஷ்.

“புதுசா வந்த ஆள, வந்த அன்னைக்கே வெளிய போன்னு எப்படில சொல்ல?”

அதனால் உட்கார்ந்திருந்தோம். அவர் பார்க்கிற ஒவ்வொன்றையும் என் திரையிலும் போட்டுக்கொண்டேன். எல்லாம் நான் பாஸ் போட்டவைதான். ஆனால் கை பொத்தானுக்குப் போகாமல், சும்மா, பார்ப்பதற்காகவே பார்த்தது அன்றைக்குத்தான். வாஷிங் மெஷினுக்குக் குட்மார்னிங் சொல்கிற வீடியோ வந்தபோது அந்த மீஞ்சூர்க்காரர் கடைசி வரை பார்த்து, ஒரு ஹார்ட் போட்டார்.

வெளியே விளக்கு வைக்கிற நேரம் ஆனது. பச்சைப் புள்ளி அணைந்தது.

“போயிட்டாரா?”

“போயிட்டாரு அண்ணாச்சி.”

தினேஷ் விரலைப் பொத்தானில் வைத்தான்.

“கொஞ்சம் இரில” என்றார் அண்ணாச்சி. “எதையாவது மறந்து வச்சிட்டுப் போனவுக திரும்பி வருவாவ.”

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே தெருவில் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி மறுபடி எரிந்தது.

“நான் சொன்னேம்லா” என்றார் அண்ணாச்சி. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.